மலைக்கோட்டைப் பாறையும் கடல் ரிக்கும்

கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலையில் சேரும் இளம் பொறியாளர் கையில் முதல் நாளே ஒரு தாள் தரப்படும். எந்த ஆழத்தில் எந்தப் பாறை வரும், எங்கே குழாய் இறக்க வேண்டும், எங்கே அழுத்தம் கூடும் என்பதெல்லாம் மேலிருந்து கீழாக அதில் இருக்கும். காவிரிப் படுகையில் தோண்டும் கிணறு என்றால் அந்தத் தாளில் வரும் பாறைப் பெயர்கள் திருச்சிக்காரருக்கு பஸ் போர்டில் பார்த்த பெயர்களாகவே தோன்றும்: நிரவி, கமலாபுரம், நன்னிலம், புவனகிரி, ஆண்டிமடம். எந்த ஊரை ஒட்டித் தோண்டியபோது ஒரு பாறை அடுக்கு முதலில் தெளிவாக அடையாளம் காணப்பட்டதோ, அந்த ஊர்ப் பெயரையே அடுக்குக்கும் வைப்பது நிலவியலாளர் வழக்கம்.

காவிரிப் படுகை நிலத்தில் சுமார் 25,000 சதுர கிலோமீட்டர், ஆழமற்ற கடலில் சுமார் 30,000 சதுர கிலோமீட்டர் பரந்திருக்கிறது. அதற்கப்பால் ஆழ்கடலிலும் நீள்கிறது. அதன் மேற்கு விளிம்பில் திருச்சி இருக்கிறது. மலைக்கோட்டை நிற்கும் பழம்பாறையின் இனம் கிழக்கே போகப் போக மண்ணுக்குள் இறங்கி, டெல்டாவின் சில இடங்களில் 5 கிலோமீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அதன்மேல் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த மணலும் களியும் சுண்ணாம்பும்தான் படுகை. விளிம்பில் இருப்பதால் ஒரு வசதி உண்டு. கடலுக்கடியில் 3 கிலோமீட்டர் தோண்டித் தொட வேண்டிய காலத்துப் பாறைகள் இங்கே வெயிலில் கிடக்கின்றன. திருச்சியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் ஊட்டத்தூர், கல்லக்குடி, காரை என்று போனால் கிரெட்டேசியக் காலக் கடலின் தரையில் கால் வைக்கலாம். காரையின் மொட்டைக் களிமேடுகளில் சுருட்டுத் துண்டு போன்ற பெலம்னைட் புதைபடிவங்களும் ஜிப்சம் பட்டைகளும் காலில் இடறும். ஹென்றி பிளான்ஃபோர்டு 1862இல் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்து எழுதினார். அந்தப் பிரிவு இன்றும் பாடப்புத்தகத்தில் நிற்கிறது. ரிக்கில் மேலே வரும் பாறைத் துகளை நுண்ணோக்கியில் பார்க்கப் போகிறவர் முழுப் பாறையை ஒரு முறையாவது கையால் தொட்டிருப்பது நல்லது.

கிணறு தோண்டுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் போர் போடுகின்றன. ஆனால் அந்த ரிக்கும் எண்ணெய் ரிக்கும் வேலை செய்யும் விதம் வேறு. போர்வெல் ரிக் காற்றழுத்தத்தால் சுத்தியல் போல அடித்துப் பாறையைத் தூளாக்கி, அதே காற்றால் தூளை வெளியே ஊதித் தள்ளுகிறது. எண்ணெய் ரிக் பல்லுள்ள பிட்டைச் சுழற்றி அரைத்து, தூளைக் கெட்டியான சேற்றால் மேலே மிதக்கவிட்டுக் கொண்டுவருகிறது. நீருக்காகத் தோண்டும் துளையில் பொதுவாகக் கீழிருந்து எதுவும் சீறி வராது. எண்ணெய்க் கிணற்றில் வரலாம். இரண்டு ரிக்குக்கும் உள்ள மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்தே தொடங்குகின்றன.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒன்று. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே மணல்மேல் இருக்கும் ஸ்ரீரங்கத்தில் போர் போட்டால் துளைச் சுவர் நிற்காது. மணல் சரிந்து மூடும். அதனால் குழாய் இறக்கியே ஆக வேண்டும். மணப்பாறைப் பக்கம் மேல்மண்ணைத் தாண்டிக் கெட்டிப் பாறை வந்துவிட்டால் துளை தானாக நிற்கும், குழாய்ச் செலவு மிச்சம். கடலடிக் கிணற்றிலும் இதே நியாயம்தான். கடல்தரையின் தளர்ந்த மண்ணில் முதலில் 30 அங்குலக் குழாய். அதற்குள் தோண்டி 20 அங்குலம், அதற்குள் பதிமூன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த குழாய், பிறகு ஒன்பதரை அங்குலத்தை ஒட்டியது, கடைசியாக 7 அங்குலம். பழைய கால மடக்குத் தொலைநோக்கியை நீட்டி நிறுத்தியது போல ஒவ்வொன்றும் முந்தையதற்குள் இறங்கும். ஒவ்வொரு முறையும் குழாய்க்கும் பாறைக்கும் இடையே சிமென்ட் ஏற்றப்படும். அந்த சிமென்ட் சரியாகப் பிடித்ததா என்பதுதான் துரப்பணப் பொறியாளரின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி.

ரிக்கில் மூன்று வகை முக்கியம். ஆழம் குறைந்த கடலில், ஏறத்தாழ 100 மீட்டர் வரையில், ஜாக்அப் நிற்கும். மிதந்து வந்து, கால்களைக் கடல்தரையில் ஊன்றி, உடலை நீருக்கு மேலே தூக்கிக்கொள்ளும். அதன் கால் 125 மீட்டரையும் தாண்டும். 1987இல் கட்டி முடித்த ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 72 மீட்டர். ஒரு காலை நிமிர்த்தி வைத்தால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிட்டத்தட்ட இரண்டு ராஜகோபுரம் வரும். இரண்டாவது, கடலில் நிரந்தரமாக நட்ட மேடை. ஆழ்கடலில் கால் எட்டாது. அங்கே மூன்றாவது வகையான துரப்பணக் கப்பல் நங்கூரம்கூட இல்லாமல், செயற்கைக்கோள் காட்டும் இடத்தை விட்டு நகராமல் தன் உந்திகளாலேயே நிற்கும். பொதுத்துறை எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.க்காக 2013இல் இந்தியாவின் கிழக்குக் கடலில் 3,174 மீட்டர் நீராழத்தில் இப்படி ஒரு கிணறு தோண்டப்பட்டது. அப்போது அது உலக சாதனை. இந்தியாவின் கடல் எண்ணெய்க் கதை ஒரு ஜாக்அப்பில்தான் சூடு பிடித்தது. ஜப்பானில் கட்டிய ‘சாகர் சாம்ராட்’ 1974இல் மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் எண்ணெய் கண்டது. 1976இல் உற்பத்தி தொடங்கியது. ஓ.என்.ஜி.சி.யில் சேரும் துரப்பணப் பொறியாளர் பலர் இன்றும் அந்தக் கடலுக்கு அனுப்பப்படுகிறார்கள்.

இனி சேறு. ரிக்கில் எல்லாரும் ‘மட்’ என்றே சொல்வார்கள். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். ரிக்கில் மிக நுட்பமான பொருள் அதுதான். நீரிலோ எண்ணெயிலோ பெண்டோனைட் களியைக் கலந்து வழவழப்பு ஏற்றி, எடை வேண்டும்போது பேரைட் பொடி சேர்ப்பார்கள். பேரைட்டின் அடர்த்தி நீரைப்போல நான்கு மடங்குக்கும் மேல். ஆந்திராவின் கடப்பைப் பகுதியில் உள்ள மங்கம்பேட்டை இதன் உலகப் பெரும் சுரங்கங்களில் ஒன்று. மட் பிட்டைக் குளிர்விக்கும், தூளை மேலே கொண்டுவரும், துளைச் சுவரைத் தாங்கும். இவற்றையெல்லாம்விடப் பெரிய வேலை, கீழே பாறைத் துளைகளில் அடைபட்டிருக்கும் எண்ணெயும் வாயுவும் உள்ளே புகாதபடி தன் எடையால் அழுத்திப் பிடிப்பது.

எவ்வளவு எடை என்பதற்குக் கணக்கு எளிது. ஆழத்தை மீட்டரில் எடுத்து, மட்டின் ஒப்படர்த்தியால் பெருக்கி, பத்தால் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ அழுத்தம் என்று வந்துவிடும். 3,000 மீட்டர் ஆழத்தில் 1.2 அடர்த்தி மட் இருந்தால் 360 கிலோ. வெறும் நீர் இருந்தால் 300தான். பாறைக்குள் இருக்கும் அழுத்தம் 340 என்றால் மட் அதை அடக்கிவிடும். சரி, இன்னும் கனமாகவே வைத்துக்கொண்டால் என்ன? பாறை பிளந்துவிடும். மட் அந்தப் பிளவுக்குள் ஓடும், துளையில் மட்டம் இறங்கும், மேலே இருந்த எடை குறையும், வேறொரு அடுக்கிலிருந்து வாயு உள்ளே வரும். இந்தத் தாழ்ந்த எல்லைக்கும் உயர்ந்த எல்லைக்கும் நடுவே உள்ள சந்து சில இடங்களில் மிகக் குறுகியது. அது முடியும் இடத்தில்தான் குழாய் இறக்கி சிமென்ட் போட்டு மூடுகிறார்கள். திட்டத் தாளில் குழாய் ஆழங்கள் ஏன் அங்கே குறிக்கப்பட்டிருக்கின்றன என்பதற்கு விடை இதுவே.

வாயு உள்ளே புகுந்துவிட்டால் அதற்குப் பெயர் கிக். 3 கிலோமீட்டருக்குக் கீழே 360 கிலோ அழுத்தத்தில் ஒரு குடம் வாயு என்றால், தடையின்றி மேலே வரும்போது அது ஏறத்தாழ 300 குடமாக விரியும். விரிந்த வாயு மேலிருக்கும் மட்டைத் தள்ளி வெளியேற்றும்; அழுத்தம் மேலும் குறையும்; இன்னும் வாயு புகும். தொடக்கத்தில் அறிகுறி சின்னது. மட் தொட்டியில் மட்டம் கொஞ்சம் ஏறும். பம்பை நிறுத்திய பிறகும் கிணற்றிலிருந்து மட் வழிந்துகொண்டிருக்கும். அப்போது டிரில்லர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: யாரையும் கேட்காமல் கிணற்றை மூடுவது. மூடும் கருவி பி.ஓ.பி. எனப்படும் அடைப்பான் அடுக்கு. குழாயைச் சுற்றி ரப்பர் வளையம் இறுக்கும் ஒரு பகுதி, இரும்புத் தாடைகள் நெருங்கிப் பிடிக்கும் ஒரு பகுதி, கடைசிக் கட்டத்தில் குழாயையே வெட்டி மூடும் ஒரு பகுதி. ஆழ்கடலில் இது சில நூறு டன் எடையுடன் கடல்தரையில் உட்கார்ந்திருக்கும்.

மூடியபின் துரப்பணக் குழாயின் மேல்முனையில் அழுத்தமானி 30 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கீழே பாறையின் அழுத்தம் 360உம் 30உம் சேர்ந்து 390 என்று பொருள். கூட வேண்டிய அடர்த்தி: 30ஐப் பத்தால் பெருக்கி 3,000ஆல் வகுத்தால் 0.1. ஆக 1.3 அடர்த்தியில் புது மட் கலக்க வேண்டும். உள்ளே வந்த வாயுவை ஒரு சிறு திறப்பின் வழியே அளந்து வெளியேவிட்டபடியே கனத்த மட்டை உள்ளே ஏற்ற வேண்டும். பள்ளிக்கூடப் பெருக்கல்தான். ஆனால் இரவு 3 மணிக்கு, எச்சரிக்கை மணி அலறும்போது, கை நடுங்காமல் போட வேண்டிய பெருக்கல். பயிற்சி நிலையங்களில் டிரில்லர் அறையைப் போலவே அமைத்த சிமுலேட்டரில் இதைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது அதனால்தான். ஐ.டபிள்யு.சி.எஃப். வழங்கும் கிணற்றுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். முப்பது ஆண்டு அனுபவசாலியும் மறுபடி தேர்வெழுத வேண்டும்.

கிக் பலவும் தோண்டும்போது வருவதில்லை என்பது புதியவர்கள் எதிர்பார்க்காத செய்தி. பிட் தேய்ந்து, குழாயை வெளியே இழுக்கும்போதே பலவும் வரும். குழாய் வெளியேற அதன் இடத்தை மட் நிரப்ப வேண்டும்; எவ்வளவு நிரப்பினோம் என்று எண்ணிப் பார்க்காவிட்டால் மட்டம் தெரியாமல் இறங்கும். வேகமாக இழுத்தால், சிரிஞ்சில் மருந்து ஏறுவது போல, கீழே வாயு உறிஞ்சப்படும். அந்த நிரப்புக் கணக்கை ஒரு தாளில் குழாய் குழாயாக எழுதுவது பெரும்பாலும் புதுப் பொறியாளருக்குத் தரும் வேலை. சலிப்பூட்டும் வேலை. அதில் ஒரு வரி பிசகுவதைப் பார்த்துச் சொல்பவரைத்தான் ரிக்கில் பொறியாளராக மதிப்பார்கள். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் ரிக் எரிந்து 11 பேர் இறந்ததற்கு முன்னும் எண்கள் பேசிக்கொண்டுதான் இருந்தன. அடி சிமென்ட் பிடிக்கவில்லை என்பதை அழுத்தச் சோதனை காட்டியது. அதற்கு வேறொரு விளக்கம் கண்டுபிடித்து, கனமான மட்டை எடுத்துவிட்டுக் கடல்நீரை ஏற்றினார்கள்.

ரிக்கின் அதிகார அடுக்கு பட்டத்தைப் பார்ப்பதில்லை. தரையில் குழாய்களை இணைப்பவர் ரஃப்நெக். கோபுரத்தின் மேல்தட்டில் நின்று குழாய்களை வாங்கி அடுக்குபவர் டெரிக்மேன். நெம்புகோலையும் திரைகளையும் கையாள்பவர் டிரில்லர். அவருக்கு மேல் டூல்புஷர். எண்ணெய் நிறுவனத்தின் சார்பில் முடிவெடுப்பவர் கம்பெனி மேன். இவர்களோடு மட் பொறியாளர், சிமென்ட் பொறியாளர், துகளைப் பார்க்கும் மட்லாகர், துளையின் திசையை அளப்பவர் என்று சேவை நிறுவனங்களின் ஆட்கள் வந்துபோவார்கள். பொறியியல் பட்டத்தோடு வருபவர் ஷிஃப்ட் பொறுப்பாளராக உயர்வதற்கு முன் இத்தனை பேரின் வேலையையும் பக்கத்தில் நின்று கற்க வேண்டியிருக்கும். வேலை நாளுக்கு 12 மணி நேரம், பகல் ஒரு குழு, இரவு ஒரு குழு. ஓ.என்.ஜி.சி.யின் மும்பைக் கடல் பணியில் 14 நாள் வேலை, 14 நாள் விடுப்பு. வெளிநாட்டு ரிக்குகளில் 28 நாளுக்கு 28 நாள் என்பது பரவலான முறை.

கடலுக்குப் போகும் முன் ஒரு நீச்சல் குளத்துப் பரீட்சை உண்டு. ஹெலிகாப்டரின் கூடு போன்ற பெட்டிக்குள் வார்ப்பட்டை கட்டி உட்காரவைத்து, தண்ணீரில் அமிழ்த்தித் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். ஒரு கை ஜன்னல் விளிம்பைப் பிடித்திருக்க வேண்டும். சுழற்சி நிற்கும்வரை காத்திருந்து, ஜன்னலைத் தள்ளி, அதற்குப் பிறகே பட்டையை அவிழ்க்க வேண்டும். வரிசை மாறினால் எது மேல் எது கீழ் என்று தெரியாமல் போய்விடும். காவிரியில் குதித்து வளர்ந்த பிள்ளைக்குக்கூட முதல் முறை மூக்கில் தண்ணீர் ஏறாமல் இருப்பதில்லை. ஓ.என்.ஜி.சி.யின் பாதுகாப்புப் பயிற்சி நிலையம் கோவாவில் இருக்கிறது. துரப்பணப் பயிற்சி டேராடூனில்.

இந்தப் பயிற்சிகள் சடங்கல்ல என்பதற்கு 2005 ஜூலை 27 சாட்சி. சாகர் சாம்ராட் எண்ணெய் கண்ட மும்பை ஹை வயலில், வடக்கு மேடையின் பக்கத்தில் நின்ற ஒரு துணைக்கப்பலில் சமையலர் ஒருவருக்கு விரல் நுனி வெட்டுப்பட்டது. மழைக்காலக் காற்றில் ஹெலிகாப்டர் வர வழியில்லாததால், அவரைக் கூடையில் மேடைக்கு ஏற்றக் கப்பல் நெருங்கியது. அலை தள்ளி, மேடையின் வாயுக் குழாயில் கப்பல் மோதியது. வாயு கசிந்து தீப்பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் மேடையே சரிந்தது. 22 பேர் இறந்தார்கள். மீட்கப்பட்டவர்கள் 360 பேருக்கும் மேல்.

வேலைக்குள் நுழையும் வழிகள் சில. பொதுத்துறையில் ஓ.என்.ஜி.சி. பட்டதாரிகளை இ-1 நிலையில், 60,000 ரூபாய் தொடக்க அடிப்படைச் சம்பளத்தில் எடுக்கிறது. சில ஆண்டுகளில் கேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண் அடிப்படையில், சில ஆண்டுகளில் தனிக் கணினித் தேர்வால். துரப்பணப் பணிக்கு பெட்ரோலியமோ இயந்திரவியலோ படித்திருக்க வேண்டும். உற்பத்திப் பிரிவில் வேதிப்பொறியியலுக்கும் இடமுண்டு. கேட்டில் பெட்ரோலியப் பொறியியலுக்கெனத் தனித் தாள் 2017இல் வந்தது. திருச்சி என்.ஐ.டி. 1964இல் வட்டாரப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது. அங்கே பெட்ரோலிய இளநிலைப் படிப்பு இல்லை. இயந்திரவியல், வேதி, உலோகவியல், கருவியியல் மாணவர்கள் அந்தந்தத் துறை வழியாகவே எண்ணெய்க்குப் போகிறார்கள். முதுநிலையில் பெட்ரோலியம் படிக்க சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறை அருகில் இருக்கும் இடம். இரண்டாவது வழி, எஸ்.எல்.பி., ஹாலிபர்ட்டன், பேக்கர் ஹியூஸ் போன்ற சேவை நிறுவனங்கள். இங்கே படித்த துறையைவிட எந்த நாட்டுக்கும் எந்த நேரத்திலும் கிளம்பும் மனம் முக்கியம். பெண்களுக்கு இந்தக் கதவு தாமதமாகவே திறந்தது. எண்ணெய்க் கிணறும் சட்டப்படி சுரங்கம். 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்களின் இரவு வேலையைத் தடுத்திருந்தது. 2019இல்தான் நிபந்தனைகளோடு அது தளர்ந்தது.

‘ரிக் கோர்ஸ், நூறு சதவீதம் வேலை’ என்ற சுவரொட்டிகளை எச்சரிக்கையோடு பார்ப்பதே புத்திசாலித்தனம். கிணற்றுக் கட்டுப்பாட்டுக்கு ஐ.டபிள்யு.சி.எஃப். அல்லது ஐ.ஏ.டி.சி., கடல் உயிர்காப்புக்கு ஓ.பி.ஐ.டி.ஓ. என்று உலகம் ஏற்கும் முத்திரைகள் சில மட்டுமே. பயிற்சி நிலையம் அவற்றின் பட்டியலில் இருக்கிறதா என்று இணையத்தில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். வெளிநாட்டு வேலை தரும் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைக்ரேட் தளம் காட்டும்.

ரிக்கில் கால் வைக்காமலே இந்தத் தொழிலில் இருப்பவர்கள் திருச்சியில் நிறைய. திருவெறும்பூர் பெல் ஆலையைக் கொதிகலனுக்காக அறிவார்கள். எண்ணெய்க் கிணற்றின் வாயில் பூட்டும் வெல்ஹெட்டும், அதன்மேல் வால்வுகள் கிளை கிளையாக நிற்கும் ‘கிறிஸ்துமஸ் மரமும்’ அங்கே செய்த பொருள்கள்தான். 10,000 பி.எஸ்.ஐ. அழுத்தம் தாங்கும் வால்வில் உலோகவியலாளருக்கு ஒரு சுவையான சிக்கல் உண்டு. அழுத்தம் தாங்க எஃகு கெட்டியாக இருக்க வேண்டும். ஆனால் கிணற்றில் அழுகிய முட்டை வாசமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால், கெட்டி எஃகுதான் முதலில் விரிசல் விடும். அதனால் சாதாரண எஃகில் கடினத்தன்மை ராக்வெல் சி அளவில் 22ஐத் தாண்டக்கூடாது என்று தரக்குறிப்பு சொல்கிறது. பற்றவைத்த இடத்தில் அது தாண்டிவிடுவது எளிது. பெல் வளாகத்துப் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும், பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் என்.டி.டி. முறைக்கு ஊரெங்கும் உள்ள பயிற்சிக் கூடங்களும் இப்படிப்பட்ட தேவையை ஒட்டி வளர்ந்தவை. எக்ஸ்ரே, மீயொலி வழியே வெல்டிங்கில் குறை தேடக் கற்றவர்கள் திருச்சி விமான நிலையத்திலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். ஜாக்அப் ரிக்குகளைக் கட்டிய கெப்பல், செம்ப்கார்ப் மரீன் தளங்கள் 2023இல் ஒன்றாகி சீட்ரியம் ஆயின. அவற்றின் ஆட்களில் தமிழர் எப்போதும் உண்டு.

சொந்தப் படுகையில் வேலை இருக்கிறதா என்றால், இருக்கிறது, குறைவாக. காவிரிப் படுகையின் முதல் ஆழ்கிணறு 1964இல் தோண்டப்பட்டது. ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் பிரிவு காரைக்காலிலிருந்து நிலக் கிணறுகளை நடத்துகிறது. கொள்ளிடம் கடல் சேரும் பகுதியை ஒட்டிய மாதானத்தில் எண்ணெய் கிடைத்தது வண்டல் பாறையில் அல்ல, மலைக்கோட்டையின் இனத்துப் பழம்பாறையில். துளையே இல்லாத அந்தப் பாறையில் விரிசல்கள்தான் எண்ணெயைத் தேக்கிவைத்திருக்கின்றன. கடலில் பி.ஒய்.-1 வயலும் அப்படியே. விரிசல் விட்ட கருங்கல்லிலிருந்து வாயு. பி.ஒய்.-3இல் கடல்தரைக் கிணறுகளிலிருந்து மிதக்கும் ஏற்பாட்டின் மூலம் 1997 முதல் எண்ணெய் எடுத்து, 2011இல் நிறுத்தினார்கள். 

நிலத்தில் நிலைமை வேறு. எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்து நெடுவாசல், கதிராமங்கலம் ஊர்களில் நடந்த போராட்டங்களுக்குப் பின் 2020இல் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. தஞ்சாவூர், திருவாரூர், அன்றைய நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களிலும் புதிய எண்ணெய், எரிவாயுத் துரப்பணத்தை அது தடுக்கிறது. நடந்துகொண்டிருந்த கிணறுகளைத் தொடவில்லை. திருச்சி மாவட்டம் அதில் சேரவில்லை. கடல் மாநிலச் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. அங்கே உரிமம் தருவது மத்திய அரசு. அதனால் டெல்டாப் பிள்ளைகள் துரப்பணப் பொறியாளரானால் முதல் பணியிடம் பலருக்கும் அரபிக்கடல், காக்கிநாடாக் கடல் என்று சொந்தப் படுகைக்கு வெளியேதான் அமைகிறது.